நூற்று நாற்பத்து நான்கு மில்லி

அன்று மூன்று மணிக்குப் பால் எடுக்கும் அறையில் இருந்தவர்கள் இவர்கள்: சுவரோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் வேலுத்தாய், வயது நாற்பத்து மூன்று, பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். பக்கத்து ஸ்டூலில் அவளுடைய மூத்த மகள் சுபாஷினி, வயது இருபத்து மூன்று. எதிரே பர்வீன், இருபது, தலைப்பிள்ளைக்காரி. ஜன்னல் பக்கம் செல்வராணி, இரட்டைப் பிள்ளை பெற்றவள். அவளுக்குத் துணையாக அவள் மாமியார். மேஜையருகே எப்சிபா சிஸ்டர். ஆக ஆறு பேர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிகளுக்குள் குழந்தைகள் நான்கு. கதவுக்கு வெளியே, ஆண்கள் தாண்டக்கூடாத மஞ்சள் கோட்டுக்கு அப்பால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றுகொண்டிருந்த வேலுத்தாயின் புருஷன் தர்மராஜையும் சேர்த்தால் பதினொன்று. எங்கே போய் உட்கார்ந்தாலும் அவள் முதலில் தலைகளை எண்ணிவிடுவாள். எண்ணி முடித்தால்தான் மூச்சு சீராகும்.

கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவியாயிற்று. கிண்ணம் வெந்நீரில் கொதித்து ஆறி வந்தாயிற்று. நைட்டியின் ஜிப்பை இறக்கித் துண்டைத் தோளில் போட்டு மூடிக்கொண்டு, அடிவயிற்றுத் தையல் இழுக்காதபடி தலையணையை மடியில் வைத்து, இடது பக்கத்துக்குக் கிண்ணத்தைப் பிடித்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிறை மாதிரி வைத்து உள்ளே நெஞ்செலும்பைப் பார்த்து அழுத்தி, முன்னால் கொண்டுவந்து, விட வேண்டும். அழுத்து, கொண்டுவா, விடு. எப்சிபா சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். இரண்டு பிள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று முதல்நாள் நினைத்தாள். பிள்ளை வாய் வைத்து இழுப்பது வேறு, நாமாகப் பிழிவது வேறு என்று இரண்டாம் நாள் தெரிந்துகொண்டாள். முதல் சொட்டு வந்தது. மஞ்சள் போய் வெள்ளைக்கு வந்துவிட்ட பால். நேற்று மாலை ஆறுக்குப் பதினாலு, ஒன்பதுக்குப் பதினைந்து, பன்னிரண்டுக்குப் பத்தொன்பது, மூன்றுக்கு இருபத்து நாலு, விடிகாலை ஆறுக்கு இருபத்திரண்டு, ஒன்பதுக்குப் பதினேழு, மதியம் பதினாறு. ஆக நூற்று இருபத்தேழு. பாப்பாவுக்கு ஒரு வேளைக்குப் பதினெட்டு, நாளுக்கு எட்டு வேளை, நூற்று நாற்பத்து நாலு. இன்னும் பதினேழு வேண்டும். பதினேழு வந்துவிட்டால் ஒரு நாள் சாப்பாடு முழுக்க அம்மாவின் பால். டாக்டரம்மா ஐந்து மணிக்கு வந்து சீட்டைப் பார்ப்பார். காலில் ஊசி குத்தி ஏற்றுகிற டிரிப்ஸைக் கழற்றிவிடலாம் என்பார். கழற்றினால் நாளைக் காலையில் பாப்பாவைத் தூக்கி இவள் நெஞ்சில் வைப்பார்கள். பதினோரு நாளாகப் பிள்ளையைத் தூக்கவில்லை. பெட்டியின் வட்ட ஓட்டைக்குள் கையை விட்டு ஒரு விரலால் உள்ளங்காலைத் தொட்டது நான்கு முறை. பதினேழுக்குக் குறைந்தால் குறைகிற அளவுக்கு டிரிப்ஸ் ஓடும், அந்தக் காலில் இடம் இல்லையென்றால் அடுத்த காலில் குத்துவார்கள், அந்தச் சத்தத்தை நேற்று முன்தினம் கேட்டாயிற்று, பூனைக்குட்டி அளவுக்குத்தான் சத்தம், ஆனால் கேட்டாயிற்று.

"வருதா?" என்றாள் சுபாஷினி. "வருது." "எவ்வளவு?" "பேசாத, எண்ணிக்கிட்டிருக்கேன்." சொட்டுகளை எண்ண முடியாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கிண்ணத்தின் உட்புறத்தில் பால் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்து இரண்டு, மூன்று என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சீட்டில் நூற்று நாற்பத்து நாலு என்று எழுதியபோதே அது ஒரு குரோஸ் என்று அவளுக்குப் பட்டது, யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். எட்டாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள், இருபத்தெட்டு வருஷம் பெட்டி அடைத்தவள், குரோஸ் கணக்கில் ஒரு தடவைகூடக் கங்காணியிடம் பேச்சு வாங்கியதில்லை. ஒரு பிடி எடுத்தால் ஒரு பெட்டிக்கான குச்சி, கூடவும் வராது குறையவும் வராது, விரல் சொல்லும். அந்த விரல்தான் இது. அழுத்து, கொண்டுவா, விடு. சுபாஷினி பிறந்து நாற்பத்தைந்தாம் நாள் வேலைக்குப் போனாள், இருபது வயது, பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு. பதினொரு மணிக்கெல்லாம் மாரு கல் மாதிரி இறுகிவிடும், ரவிக்கை நனைந்து தீக்குச்சி மருந்து வாசத்தோடு பால் வாசமும் சேர்ந்து குமட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் தெரிந்தும் தெரியாத மாதிரி தன் துண்டை நீட்டுவாள், பின்கட்டுச் சாக்கடையில் குனிந்து நின்று பீய்ச்சிவிட்டு வந்து மறுபடி பெட்டி அடைக்க வேண்டும். எத்தனை நாள் அப்படி ஊற்றினாள். அன்றைக்கு அளந்து பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் என்றால்கூட, வேண்டாம், அந்தக் கணக்குப் போடக்கூடாது, போன பாலை இப்போது எண்ணி என்ன ஆகப்போகிறது. அந்த வருஷம் ஆவணியில் வலது பக்கம் கட்டி வந்து காய்ச்சலில் கிடந்து, பெரியாஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள், தழும்பு இன்னும் நெல்லு நீளத்துக்கு இருக்கிறது, அதற்கப்புறம் அந்தப் பக்கம் எப்போதுமே இரண்டாந்தரம்தான். அடுத்தவன் மாரிச்செல்வம் பிறந்தபோதும் அந்தப் பக்கம் போட்டால் நெளிவான், முட்டுவான், பல் முளைத்ததும் கடித்தும் வைத்தான். அவன் இப்போது திருப்பூரில், இருபது வயது, வாரத்துக்கு ஒரு போன், "சாப்டியா" என்றால் "ம்", "தூங்குனியா" என்றால் "ம்". அந்த இரண்டு "ம்"முக்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பாள். அதுவும் ஒரு வகைப் பால் கட்டுதல்தான். இறுகிக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் வராது.

"ஏ தாயி, உங்களுக்கு இன்னிக்கி எப்படி?" என்று கேட்டாள் செல்வராணியின் மாமியார். அந்தக் குரலில் அக்கறை முக்கால், வம்பு கால். "பரவால்லம்மா" என்றாள் வேலுத்தாய். "இல்ல, இருபது வயசுப் பிள்ளைகளுக்கே ஊற மாட்டேங்குது. நம்ம வயசுல வத்திப்போன ஊத்தை நோண்டுற மாதிரில்ல இருக்கும்." நம்ம வயசு. அந்தம்மாவுக்கு அறுபது குறையாது. வேலுத்தாய் குனிந்துகொண்டாள், சுபாஷினி குனியவில்லை. "ஊத்து ஒண்ணும் வத்தலை பாட்டி. நேத்து சாயந்தரத்துல இருந்து நூத்தி இருபத்தேழு. உங்க ரெட்டைப் பேரனுக்கு எவ்வளவாச்சு?" "அத்தே, சும்மா இருங்களேன்" என்றாள் செல்வராணி, அழாத குறையாக. எப்சிபா சிஸ்டர் பேனாவால் மேஜையைத் தட்டினார்: "இங்க வாய்க்கு வேலையில்ல, கைக்குத்தான் வேலை. பாட்டி, நீங்க வேணும்னா வெளிய போய் உக்காருங்க." "நான் என்ன சொல்லிட்டேன் சிஸ்டர், நல்லதுக்குத்தானே சொன்னேன்." வேலுத்தாயின் காது மடல் சுட்டது. கோபம் இல்லை, பழைய வெட்கம்தான், ஐந்தாவது மாதத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு இன்னும் எழுந்து போகாத வெட்கம். தீட்டு நின்றபோது நின்றுபோய்விட்டது என்றே நினைத்தாள். நாற்பத்திரண்டு முடிந்தாயிற்று, ஆபீசில் பாதிப் பேருக்கு அப்படித்தான், ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது, உடம்பு கொதிக்கும், வேர்க்கும், இடுப்பு கனக்கும். "உனக்கு நின்னுருச்சு மதினி, இனிமே நிம்மதி" என்று நாத்தனார்கூடச் சொன்னாள். கோவிலுக்கு எந்த நாளும் போகலாம் என்று இவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள். குரோஸ் குரோஸாக எண்ணியவள் தன் நாளை எண்ணவில்லை. வயிற்றுக்குள் ஏதோ புரண்டபோது வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தாள், ஒரு வாரம் குடித்தாள், எட்டாம் நாள் ராட்டினத்தில் இறங்குகிற மாதிரி ஒரு புரளல், அது வாயு இல்லை என்று கைக்குத்தான் முதலில் தெரிந்தது, மனசுக்கு அப்புறம். புருஷனிடம் சொல்ல நாலு நாள் ஆனது. மகளிடம் சொல்லவே முடியவில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயதில் ஒரு மகளை வைத்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது. ஸ்கேன் சீட்டைப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தாள், சுபாஷினி அன்றைக்கென்று பருப்பு எடுக்கப் போனாள். சீட்டைப் படித்தாள், மறுபடியும் படித்தாள், அப்புறம் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், "ஏம்மா, இதை ஒளிச்சு வைக்க உனக்கு வேற இடமே கிடைக்கலையா" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் மொபைல் கடை வேலை முடிந்து வரும்போது சத்து மாத்திரையும் ஒரு கிலோ பேரீச்சம்பழமும் கொண்டுவந்தாள். இந்த மகளைப் பெற்றவள் நான், என்று வேலுத்தாய் நினைத்தாள், அப்படி ஒன்றைப் பெற்று வளர்த்தவள். நினைப்பு வந்ததும் முதுகு நாற்காலியில் நிமிர்ந்தது.

இடது பக்கம் நின்றுவிட்டது. அழுத்தினால் ஒரு சொட்டு எட்டிப் பார்த்து முனையிலேயே நின்றது. சுபாஷினி ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிப் பார்த்துப் பாட்டிலில் விட்டாள். "ஒன்பது." ஒன்பது. பதினேழில் ஒன்பது போக எட்டு. மிச்சம் இருப்பது வலது பக்கம், தழும்புக்காரப் பக்கம்; மதியம் அது கொடுத்தது ஐந்து, காலையில் ஆறு. இன்றுவரை அது எட்டைப் பார்த்ததில்லை. கிண்ணத்தை மாற்றி வைத்தாள். அழுத்து, கொண்டுவா, விடு. ஒன்றும் இல்லை. அழுத்து. கிண்ணத்தின் அடி பளபளவென்று அவள் முகத்தையே காட்டியது, நெற்றி பெருத்து, வாய் சிறுத்து. வராவிட்டால் என்ன, இன்னொரு நாள் போகும், டாக்டரம்மா ஒன்றும் திட்டமாட்டார், ஆனால் அந்த இன்னொரு நாள் பிள்ளை தனியாகக் கிடக்கும், பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில், ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு கிராம், ஒன்றேகால் கிலோ சொச்சம், கடையில் ஒன்றேகால் கிலோ என்றால் ஒரு கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். இது பத்தாவது எழுதும்போது எனக்கு ஐம்பத்தெட்டு. இதற்குக் கல்யாணம் என்றால் அறுபத்தெட்டு, இருப்பேனா, இருந்தாலும் நடப்பேனா, இப்போதே முழங்கால் படியேறும்போது சொடுக்குப் போடுகிறது, வலது காலில் நரம்பு புடைத்திருப்பது மாரிச்செல்வத்தைச் சுமந்தபோது வந்தது, பின்பக்கம் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது சுபாஷினியை இடுக்கிக்கொண்டு தண்ணீர் எடுத்ததில், இப்போது அடிவயிற்றில் ஒரு கோடு. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதைக் கூட்டிக்கொண்டு போனால் பாட்டியா என்பார்கள். என்பார்கள்தான். இங்கேயே என்றார்கள், முதல்நாள் கவுனைச் சுபாஷினி கையில் கொடுத்து "பிள்ளையப் போய்ப் பாரும்மா" என்றார்கள், "எனக்கில்ல, அவங்களுக்கு" என்று மகள்தான் சொன்னாள். பத்து மாதம்கூடச் சுமக்கவில்லையே, ஏழரையில் ரத்தக்கொதிப்பு ஏறி எடுத்துவிட்டார்கள், சுமப்பதையே முழுசாகச் செய்யாதவள் ஊட்டுவதை எப்படி. அழுத்து. கிண்ணத்தில் ஒரு சொட்டு. அதையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது ஒரு சொட்டாகவே இருந்தது.

எதிரே பர்வீன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். "அக்கா, உங்களுக்கு வலிக்குதா?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டாள். "வலிக்கும்மா." "எனக்கு மட்டும்தான் வலிக்குதுன்னு நினைச்சேன்." "எல்லாருக்கும் வலிக்கும். எனக்கு உன் வயசுல இதைவிட வலிச்சுது, கேக்கத்தான் ஆள் இல்ல." சொல்லிவிட்டு வேலுத்தாயே திகைத்தாள். பதினோரு நாளில் இந்த அறையில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. "கொஞ்ச நேரம் கையைத் தொங்கவிடு. சுடு துணி வச்சுக்கோ. அப்புறம் எடு." பர்வீன் தலையாட்டினாள். வேலுத்தாய் மறுபடி கிண்ணத்துக்குள் பார்த்தாள். ஒரு சொட்டு. சரி, இரண்டு.

"அம்மா, பாக்காத" என்றாள் சுபாஷினி.

"பாக்காம எப்படி எண்ணுறது?"

"நீ பாக்குறதனாலதான் நிக்குது. நேத்து ராத்திரி மூணு மணிக்கு இருபத்துநாலு வந்துச்சே, எப்படி? நீ பாதித் தூக்கத்துல இருந்த. கண்ணே திறக்கல."

"எண்ணாம இருந்தா எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்டி."

"நான் எண்ணுறேன். எனக்கு எண்ணத் தெரியாதா? நீதான சொல்லிக்குடுத்த." மகள் தன் கைக்குட்டையை உதறி, கிண்ணம் இருக்கும் இடத்தை மறைத்து மேலே போட்டாள். "ஆபீஸ்ல பெட்டி அடைக்கும்போது பெட்டியவா பாத்துக்கிட்டிருந்த? வாசலப் பாத்துக்கிட்டே அடைப்பியே."

அது உண்மைதான். பள்ளிக்கூடம் விட்டு இந்தப் பிள்ளை ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு ரிப்பன் அவிழ்ந்து. இவள் அதைப் பார்த்துக்கொண்டே அடைப்பாள், கை பாட்டுக்கு ஓடும். ஆனால் தன் கணக்கை அவள் யார் கையிலும் கொடுத்தவளில்லை. சம்பள நாளில் புருஷன் எண்ணித் தந்ததைக்கூட உள்ளே போய்த் திரும்ப எண்ணுவாள். வாஷிங்குக்குப் போடும் துணி எத்தனை, கொடியில் கிளிப்பு எத்தனை, மாத்திரை எத்தனை, எல்லாம் அவள் தலையில். பிள்ளைகளை வளர்ப்பது என்றால் எதையும் எண்ணாமல் விடாதிருப்பது என்றே இருபத்து மூன்று வருஷம் நம்பியிருந்தாள். காய்ச்சல் எத்தனை டிகிரி, வாந்தி எத்தனை தடவை, டியூஷன் முடிய எத்தனை நிமிஷம், பஸ் வர எத்தனை நிமிஷம். சுபாஷினி வயதுக்கு வந்த வருஷம் தெருவில் நிற்கிற பையன்களைக்கூட எண்ணிவைத்திருந்தாள். அந்தக் கணக்கை இறக்கி வைப்பதா. இறக்கினால் கொட்டிவிடாதா. மகளின் முகத்தைப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் மூன்று மணிக்கொரு தடவை எழுந்து கிண்ணம் கழுவிய முகம், கண்ணுக்குக் கீழே கருப்பு, மூக்கு தன்னுடையது, மோவாய் தர்மராஜுடையது. தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

கண்ணாடி வழியாகப் பெட்டி தெரிந்தது. இடமிருந்து இரண்டாவது. நீலத் தொப்பி, வாயில் மெல்லிய குழாய். பிடி, அடை, தள்ளு. பிடி, அடை, தள்ளு. விரல்கள் பழைய தாளத்துக்கு இறங்கின, வெளியே ஏதோ ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிரீச்சிட்டுப் போனது, தர்மராஜ் தொட்டிப் பக்கம் இருமினார், அந்த இருமல் இவளுக்கு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று. பதினோரு நாளாக அந்த இருமலைத் தவிர அவர் வேறு ஆறுதல் சொன்னதில்லை, போதும். பெட்டிக்குள் பாப்பா முகத்தைச் சுளித்தது. சுபாஷினி சுளிக்கிற மாதிரியே, இடது புருவம் மட்டும் ஏறி. வாய் திறந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை, ஆனால் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும், மூன்று பிள்ளையின் சத்தமும் தெரியும். தோளிலிருந்து முள் முள்ளாகக் குத்திக்கொண்டு ஒரு சூடு இறங்கியது, அக்குளுக்குள் இழுத்தது, இதுதான், இது வந்து எத்தனை வருஷம், மாரிச்செல்வம் தொட்டிலில் சிணுங்கினால் அடுப்படியில் நிற்கும்போதே இறங்குமே, அதுதான். விடாதே. எண்ணாதே. நீ கையை மட்டும் ஓட்டு. இந்தப் பக்கத்தைக் கீறிய டாக்டர், இனிமே இதுல பால் வராதும்மா என்று அன்றைக்குச் சொன்னார், கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், இவளும் தலையாட்டினாள். தலையாட்டியிருக்க வேண்டியதில்லை. இருபது வயதில் எல்லோரும் சொன்னதற்கும் தலையாட்டினாள். இப்போது நாற்பத்து மூன்று வயது, தலையை ஆட்டுவதில்லை, சாய்த்து வைத்திருக்கிறாள். இது இரண்டு பிள்ளையை ஆளாக்கிய உடம்பு. பட்டினியிலும் ஊட்டியது, காய்ச்சலிலும் ஊட்டியது, மருந்து நெடியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்தும் ஊட்டியது. முடிந்துவிட்டது என்று ஊரே சொன்ன பிறகு யாரையும் கேட்காமல் இன்னொன்றை உண்டாக்கி வைத்தது. இதை வைத்துக்கொண்டா வெட்கப்பட்டேன், என்று நினைத்தாள். அழகான உடம்பு என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. உழைக்கிற உடம்பு என்று அவளே சொல்லிக்கொண்டாள், நாக்கு அசையாமல், மனசுக்குள். கைக்குட்டைக்கு அடியில் கிண்ணத்தின் சுவரில் பட்டுப் பட்டு ஒரு சன்னமான சத்தம் வந்துகொண்டிருந்தது. சொட்டின் சத்தமில்லை அது. இழையின் சத்தம்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விரல் மரத்துப்போய் அதுவாக நின்றது. சுபாஷினி கைக்குட்டையை எடுத்தாள். எடுத்து, சிரிஞ்சை விட்டு உறிஞ்சினாள். பத்து வரை ஏறியது, பாட்டிலில் விட்டாள். இன்னொரு முறை உறிஞ்சினாள், அடியில் கொஞ்சம். எப்சிபா சிஸ்டர் எழுந்து வந்து வெளிச்சத்துக்கு நேரே பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். செல்வராணியின் மாமியார் கழுத்தை நீட்டினாள்.

"இந்தப் பக்கம் பதினொண்ணும்மா" என்றாள் சுபாஷினி. "ஒன்பதும் பதினொண்ணும் இருபது."

"தழும்பு இருக்கிற பக்கமா?" என்றார் சிஸ்டர்.

"ஆமா சிஸ்டர்" என்றாள் வேலுத்தாய். அறை முழுவதற்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ஏயப்பா" என்றாள் செல்வராணியின் மாமியார். வம்பு இல்லாமல் சொன்னாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, "நீயும் கண்ண மூடிக்கோ தாயி, நான் வெளிய போய் உக்காந்துக்கிடுதேன்" என்று எழுந்து போனாள்.

சிஸ்டர் பிளாஸ்திரியில் பெயரையும் நேரத்தையும் எழுதிப் பாட்டிலில் ஒட்டினார். சீட்டை எடுத்துக் கூட்டினார், உதடு அசைந்தது. டிரிப்ஸ் என்று போட்டிருந்த கட்டத்துக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, "டாக்டரம்மா வரட்டும், நாளைக்குக் காலைல குளிச்சிட்டு முன்பக்கம் திறக்கிற நைட்டியாப் போட்டு வாங்க, பிள்ளைய வாங்கி நெஞ்சுல வைக்கணும்ல" என்றார். வேலுத்தாய் ஜிப்பை ஏற்றிக்கொண்டாள். எழுந்திருக்கத் தையல் இழுத்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரியாக் கூட்டுனியா?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. சுபாஷினியே சீட்டைப் பார்த்துச் சொன்னாள்: "மொத்தம் நூத்தி நாப்பத்தேழு. பாப்பாவுக்கு நூத்தி நாப்பத்தி நாலு போக மிச்சம் இருக்கும்மா."

வேலுத்தாய் திரும்ப எண்ணவில்லை. மீதி மூன்று மில்லி.